நாலு பிளாப்பியும் சுவத்துக் கரிக்கோடும்

எங்கள் வீட்டுத் தறிக்குழிக்கு எதிர்ச் சுவரில் ஒரு முழ அகலத்துக்கு அம்மா சுண்ணாம்பு அடிக்காது. பொங்கலுக்குப் பொங்கல் வீடெல்லாம் வெள்ளையாகும். அந்த ஒரு முழம் மட்டும் புகையேறிக் கிடக்கும். அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க கேட்டால், "அது கணக்கு" என்று சொல்லும். அதுக்கு மேல ஒண்ணும் சொல்லாது.

கணக்குதான். நைனாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு சேலையை நெய்து முடித்து, முதலாளி கடையில் கொடுத்து, கூலி வாங்கிக்கொண்டு வரும்போது அதில் ஐம்பது ரூபாய் குறைந்திருக்கும். வாங்கின அட்வான்சுக்கு அந்தப் பிடித்தம். வீட்டுக்குள் நுழைந்ததும், சட்டையைக்கூடக் கழற்றாமல், அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துச் சுவரில் ஒரு கோடு போடும். ஒரு கோடு ஐம்பது ரூபாய். நாலு கோடு நின்றால் அஞ்சாவதைக் குறுக்கே போடும். அப்புறம்தான் தண்ணி குடிக்கும்.

நான் எழுத வந்தது கம்ப்யூட்டரைப் பற்றி. ஒரு பெரிய கணக்கைத் துண்டு துண்டாக்கிப் பத்திரம் பண்ணுவதைப் பற்றி. இருபது வருசத்துக்கு மேலாக அந்த வேலையைச் செய்து வருகிறேன். ஆனால் அந்தச் சுவரை விட்டுவிட்டு எனக்கு இதைச் சொல்லத் தெரியவில்லை.

ஆரணிப் பட்டு என்றால் பெயர்பெற்ற சரக்கு. பட்டு நெசவைப் பற்றி யார் எழுதினாலும் பரம்பரை நெசவுச் சாதிகளின் பெயரைத்தான் எழுதுகிறார்கள். சேரியிலும் தறி ஓடியது என்று யாரும் எழுதுவதில்லை. எங்கள் குடும்பத்துக்குத் தறி பரம்பரையாக வந்ததில்லை, கடனாக வந்தது. வயல் வேலை குறைந்துபோன காலத்தில் நைனா ஒரு மாஸ்டர் வீவரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு தறிக்குழியில் இறங்கியது. தறி அவருடையது. பாவும் ஊடையும் ஜரிகையும் அவருடையது. கையும் காலும் எங்களுடையது. முன்பணம் தீருகிற வரைக்கும் வேறு ஆளுக்கு நெய்யக் கூடாது. அது எங்கே தீரும்? ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மறுபடி கை நீட்ட வேண்டும். ஒரு சாவு விழுந்தால் மறுபடி கை நீட்ட வேண்டும்.

கோர்வைச் சேலை நெய்ய ஒரு ஆள் போதாது. கரையும் உடலும் வேறு வேறு நிறம் என்பதால், ஒரு பக்கத்துக் கரைக்கு நாடா தள்ள பக்கத்தில் ஒரு பிள்ளை உட்கார வேண்டும். எட்டு வயசில் நான் உட்கார்ந்தேன். 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. முன்பணத்தைக் காட்டி ஆளைக் கட்டிப்போடுவது குற்றம் என்று அதில் இருக்கிறது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதில் ஒரு சந்து விட்டிருந்தார்கள். குடும்பத்தாரை வைத்துக்கொண்டு நடத்துகிற பட்டறைக்கு அந்தத் தடை கிடையாது. தறி எங்கள் வீட்டுக்குள் இருந்தது. அதனால் எங்கள் குடிசை பட்டறை, நான் குடும்பத்தான். முதலாளி எங்கேயும் இல்லை! 2016இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். அப்போதும் பள்ளி நேரம் போக மீதி நேரத்தில் குடும்பத் தொழிலுக்குப் பிள்ளை உதவலாம் என்று வைத்துவிட்டார்கள்.

நான் ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் பன்னிரண்டாவது முடித்தேன். அப்புறம் ஆறு மாசக் கம்ப்யூட்டர் கோர்ஸ். 1997இல் வேலை தேடினபோது, நைனா யாரிடம் கடன் பட்டிருந்ததோ அதே முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். கடைக்குக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். ஓட்ட ஆள் இல்லை.

"இன்னாடா, இந்தப் பொட்டிய ஓட்டுவியா?"

"ஓட்டுவேங்க."

"சம்பளத்துல பாதி கையில வாங்கிக்கோ. பாதி உங்க நைனா கணக்குல கழிச்சிக்கலாம்."

அப்படித்தான் சேர்ந்தேன். தாகம் எடுத்தால் சொம்பைத் தூக்கி மேலேயிருந்து ஊற்றுவார்கள், இரண்டு கையையும் சேர்த்துக் குடிக்க வேண்டும். நூற்று அறுபது குடும்பத்துக் கணக்கும் என் விரலுக்குக் கீழே இருந்தது. கீபோர்டைத் தொடலாம், குடத்தைத் தொடக் கூடாது. அப்போது எனக்கு அது கோபமாகக்கூட வரவில்லை. சேரியிலிருந்து ஒருத்தன் நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் ஓட்டுகிறான் என்பதே பெருமையாக இருந்தது. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

கணக்கு பாக்ஸ்ப்ரோவில் இருந்தது. மூன்று பெரிய ஃபைல். ஒன்று அட்வான்ஸ்: யார் எவ்வளவு வாங்கினார்கள். இரண்டாவது மாஸ்டர்: நெசவாளி பெயர், ஊர், தறி எண். மூன்றாவது ரிசீப்ட்: சேலைக்குச் சேலை எவ்வளவு பிடித்தோம். பழைய நோட்டுகளிலிருந்து எல்லாவற்றையும் நான்தான் ஏற்றினேன். என் நைனா பெயரையும் நான்தான் அடித்தேன். பாக்கி பன்னிரண்டாயிரம்.

அதுவரைக்கும் ஒவ்வொரு நெசவாளியிடமும் ஒரு சிட்டை இருந்தது. சின்ன நோட்டு. அதில் கடைக்காரர் பிடித்தத்தை எழுதிக் கையெழுத்துப் போடுவார். கம்ப்யூட்டர் வந்த அடுத்த வருசம் சிட்டையை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டார்கள். "இனிமே எல்லாம் பொட்டியிலயே கீது, சிட்டை எதுக்கு?" சேரியில் வந்து இதைச் சொன்னவன் நான். எங்க ஆளுங்க என்னை நம்பித்தான் கொடுத்தாங்க. நைனாவும் கொடுத்தது. ஆனால் சுவரில் கோடு போடுவதை நிறுத்தவில்லை. "எதுக்கு நைனா இது, நான்தான் கடையில கீறேனே" என்று கேட்டேன். "அது உன் மொதலாளி கணக்கு, இது என் கணக்கு" என்றது.

வாரத்துக்கு ஒருமுறை பேக்கப் எடுக்க வேண்டும். ஒரு பிளாப்பியில் 1.44 எம்.பி. மட்டுமே கொள்ளும். கணக்கு அதைத் தாண்டிப் போய்விட்டது. அந்தக் காலத்தில் அதற்கென்று ஒரு நிரல் இருந்தது. ஃபைல்களைச் சுருக்கி, பிளாப்பி அளவுக்குத் துண்டு போட்டுக் கொடுக்கும். ஒன்று நிறைந்ததும் அடுத்ததைப் போடச் சொல்லும். எங்கள் கடைக் கணக்குக்கு நாலு பிளாப்பி ஆனது. வாரா வாரம் அதே நாலு பிளாப்பியின் மேலேயே திரும்பத் திரும்ப எழுதினேன். புது பிளாப்பி கேட்டால் முதலாளி முறைப்பார். எழுதினதைத் திறந்து பார்த்தேனா? ஒரு நாளும் பார்க்கவில்லை. எப்படியோ ஒரு பழைய செட் மட்டும் மேசை டிராயரில் தனியாகக் கிடந்தது.

1999 கோடையில் ஹார்டு டிஸ்க் செத்துப்போனது. வேலூரிலிருந்து ஆள் வந்து புது டிஸ்க் மாட்டினார். நான் நாலு பிளாப்பியோடு உட்கார்ந்தேன். முதல் பிளாப்பி ஓடியது. இரண்டாவது ஓடியது. மூன்றாவதைப் போட்டதும் டிரைவ் கரகரவென்று அரைத்தது. படிக்க முடியவில்லை என்று திரையில் எழுத்து வந்தது. எடுத்துத் துடைத்துப் போட்டேன். ஊதிப் போட்டேன். பக்கத்து டி.டி.பி. சென்டரில் போய்ப் போட்டுப் பார்த்தேன். தகட்டில் பூஞ்சை பிடித்திருந்தது.

நாலில் ஒன்று போனால் கால் பாகம்தானே போகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. ஃபைல்களைப் பெயர் வரிசையில் அடுக்கியிருந்தேன். அட்வான்ஸ் முதல் பிளாப்பியில் முழுசாக இருந்தது. மாஸ்டர் இரண்டாவதில் முடிந்துவிட்டது. ரிசீப்ட்தான் பெரிய ஃபைல். அது இரண்டாவதில் தொடங்கி மூன்றாவதைத் தாண்டி நாலாவதில் முடிந்தது. சுருக்கி வைத்த ஃபைலில் நடுத்துண்டு போனால் அதற்குப் பின்னால் இருப்பதையும் விரிக்க முடியாது. நாலாவது பிளாப்பி நல்லாத்தான் இருந்தது, ஆனால் பிரயோசனம் இல்லை.

பேர் வந்தது. கடன் வந்தது. கட்டினது வரவில்லை.

டிராயரில் கிடந்த பழைய செட்டை எடுத்தேன். பதினாலு மாசத்துக்கு முந்தியது. அதில் ரிசீப்ட் திறந்தது. அந்தத் தேதி வரைக்கும் கட்டினது கிடைத்தது. அதற்கப்புறம் பதினாலு மாசம் நூற்று அறுபது குடும்பம் நெய்து கழித்த கடன் முழுக்க இல்லாமல் போனது. முதலாளி ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "கம்ப்யூட்டர்ல இன்னா கீதோ அதான் கணக்கு. கட்டுனேன்றவன் சீட்டு எடுத்தாந்து காட்டட்டும்."

சீட்டு எங்கே இருந்தது? சிட்டையெல்லாம் அவர் கடையில் மூட்டை கட்டிப் போட்டிருந்தது. அதிலும் வாங்கி வைத்த நாளுக்கப்புறம் ஒரு எழுத்து இல்லை.

அன்றைக்கு ராத்திரி நான் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். நைனா ஒண்ணும் பேசவில்லை. அம்மாதான் சிம்னி விளக்கை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரில் பிடித்தது. எண்ணினேன். நூற்றுப் பன்னிரண்டு கோடு. பழைய பிளாப்பியில் நைனா பெயரில் எழுபத்தஞ்சு பிடித்தம் ஏறியிருந்தது. முதல் எழுபத்தஞ்சும் ஒன்றுகூடப் பிசகாமல் பொருந்தின. மீதி முப்பத்தேழு கோடு, ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய். எழுதத் தெரியாத மனுசன் கணக்கு சரியாக இருந்தது. ஆறு மாசக் கோர்ஸ் படிச்சவன் கணக்கு பூஞ்சை பிடிச்சிப் போச்சு.

மறுநாள் முதலாளியிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "சுவத்த இன்னா லாரியில ஏத்திகினு வருவியா?"

பேசிப் பேசிப் பாதியை ஒத்துக்கொண்டார். அது நைனாவுக்கு. நான் கடையில் இருந்ததால் கிடைத்த தயவு. சுவரில் கோடு போடாதவர்களுக்கு அந்தப் பாதியும் இல்லை. எங்கள் தெருவில் ஒரு அக்கா இருந்தார். வீட்டுக்காரர் செத்த பிறகு அந்த அட்வான்சுக்குப் பையனைத் தறியில் உட்கார வைத்துக் கழித்துக்கொண்டிருந்தார். பதினாலு மாசமும் அந்தப் பையன் நெய்தது கணக்கில் வரவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. "நீ இன்னா பண்ணுவ தம்பி, பொட்டி முழுங்கிடுச்சி" என்றார். இருபத்தைந்து வருசம் ஆகியும் அந்த வார்த்தையை என்னால் முழுங்க முடியவில்லை. பொட்டி முழுங்கவில்லை. துண்டு போட்டவன் நான். எங்கே வெட்டு விழுகிறது, எந்தத் துண்டு போனால் யார் கணக்கு போகும் என்று யோசிக்காதவன் நான். கடனை முதல் பிளாப்பியில் பத்திரமாக வைத்தேன். கட்டினதைக் கடைசியில் வைத்தேன். அகரவரிசைக்குச் சாதி தெரியாது என்று சொல்லலாம். ஆனால் அதனால் அடிபட்டவன் யார்?

2001இல் அந்தக் கடையை விட்டு வந்தேன்.

அந்த வருசங்களில் ஒரு நண்பர் எனக்கு இரண்டு தடித்த புத்தகம் கொடுத்தார். ஞான அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள். பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999இல் வெளியிட்டது. நான் கணக்கைத் தொலைத்த அதே வருசம். 1907 ஜூன் 19இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று தொடங்கி, அப்புறம் 'தமிழன்' ஆன வாரப் பத்திரிகை. அயோத்திதாசர் 1914இல் சாகிற வரைக்கும் வாரா வாரம் எழுதியிருக்கிறார். அப்புறம் ஒரு தலைமுறைக்கே அவர் பெயர் தெரியாமல் போனது. பல்கலைக்கழகம் எடுத்து வைக்கவில்லை. பெரிய நூலகம் கொண்டாடவில்லை. பத்திரிகை எங்கே உயிரோடு இருந்தது என்றால், நம்ம ஆட்கள் வீட்டில் இருந்தது. பழைய தாளைக் காப்பாற்றி வைத்திருந்தவர்களில் அன்பு பொன்னோவியம் ஒருவர். அப்படித் தப்பின இதழ்களை ஒன்று சேர்த்துத்தான் அந்தத் தொகுப்பு வந்தது.

எனக்கு அதைப் படித்தபோது வேறு ஒன்று பட்டது. ஒரு வாரத்து இதழ் தொலைந்தால் அந்த வாரம் மட்டும்தான் போகும். அடுத்த வாரத்து இதழைத் தனியாக எடுத்துப் படிக்கலாம். ஒவ்வொன்றிலும் பத்திரிகையின் பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது. வெவ்வேறு வீட்டில் கிடந்தாலும் ஒரு நாள் வரிசையாக அடுக்கிவிடலாம். என் நாலு பிளாப்பிக்கு இது எதுவும் இல்லை. ஒன்று செத்தால் மற்றதும் செத்தது. நாலும் ஒரே டப்பாவில், ஒரே மேசையில், ஒரே முதலாளி கடையில் கிடந்தன.

பிறகு எங்கள் பக்கத்தில் ஒரு சின்னக் குழுவாகச் சேர்ந்தோம். 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்த பிறகு, கிராமம் கிராமமாகப் பஞ்சமி நில விவரம் கேட்டு மனுப் போட்டோம். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையை ஒட்டி, 1892இல் வந்த ஆணைப்படி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு என்று கொடுத்த நிலம் அது. மற்ற சாதிக்காரருக்கு விற்றால் செல்லாது என்று நிபந்தனை. நிபந்தனை காகிதத்தில் இருக்கிறது, நிலம் வேறு கையில் இருக்கிறது. அதைக் கேட்டுக் காரணையில் போராடினபோது, 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். நில விவரத்தோடு, தறியில் முன்பணத்துக்கு உட்கார்ந்தவர்களின் வாக்குமூலத்தையும் எழுதி வைத்தோம். யார் எவ்வளவு வாங்கினார், எவ்வளவு கட்டினார், எத்தனை வயசில் பிள்ளை உட்கார்ந்தது. வருசக்கணக்காக ஏறி ஏறி அது பெரிய டேட்டாபேஸ் ஆனது. மைஎஸ்கியூஎல்லில் வைத்திருக்கிறோம். பேக்கப்புக்காக மொத்தத்தையும் ஒரே எழுத்து ஃபைலாக இறக்கினால் 410 எம்.பி. வந்தது.

அங்கேதான் பழைய பிளாப்பி மறுபடி என் எதிரே வந்து நின்றது. ஜிமெயிலில் ஒரு கடிதத்தோடு 25 எம்.பி.க்கு மேல் அனுப்ப முடியாது. வாடகைக்கு எடுத்த சர்வரில் பிஎச்பிமைஅட்மின் வழியாக ஏற்றினால், பிஎச்பி வழக்கமாக விடுகிற அளவு 2 எம்.பி. கடைக்காரர் தயவு பண்ணினால் கொஞ்சம் கூடும். வாக்குமூலப் படங்கள் தனி, அது பல ஜி.பி. பழைய முறையில் பார்மேட் பண்ணின பென்டிரைவில் 4 ஜி.பி.க்குப் பெரிய ஒரே ஃபைல் ஏறாது. ஆக, வெட்டித்தான் ஆக வேண்டும்.

குழுவில் ஒரு தம்பி, கல்லூரியில் படிக்கிறவர், ஸ்ப்ளிட் என்ற கட்டளையைக் கொடுத்து 20 எம்.பி. அளவில் டக்கென்று வெட்டிவிட்டார். இருபத்தோரு துண்டு. சோதனைக்காக வேறு சர்வரில் முதல் துண்டை ஏற்றினார். கடைசி வரியில் தடுக்கியது. இரண்டாவது துண்டு முதல் வரியிலேயே தடுக்கியது. "அண்ணா, ஃபைல் கெட்டுப்போச்சு போல" என்று போன் பண்ணினார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஓடினேன்.

ஃபைல் கெடவில்லை. வெட்டு கெட்டது. அளவு பார்த்து வெட்டினால் அது எழுத்தைப் பார்க்காது. ஒரு அம்மாவின் வாக்குமூலத்தின் நடுவில் வெட்டியிருந்தது. அதுவும் ஒரு எழுத்தின் நடுவில். கம்ப்யூட்டருக்குள் இங்கிலீஷ் எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். நம்ம எழுத்துக்கு யூனிகோடு யூடிஎப்-8 முறையில் மூன்று பைட் வேண்டும், கொம்பு, சுழி, புள்ளிக்குத் தனியாக மூன்று. 'ஆரணி' என்று எழுதினால் பன்னிரண்டு பைட். ஏழாவது பைட்டில் கத்தி விழுந்தால், 'ஆர' வரைக்கும் இந்தத் துண்டில், உடைந்த எழுத்து அந்தத் துண்டில். இரண்டு பக்கமும் குப்பைக் குறிதான் தெரியும்.

அந்தத் தம்பியிடம் நான் சொன்னது இதுதான். வெட்டு இரண்டு வகை. வெட்டினதை மறுபடி ஒட்டித்தான் பயன்படுத்துவேன் என்றால், எங்கே வேண்டுமானாலும் வெட்டு. எழுத்தின் நடுவில் வெட்டினாலும் பாதகமில்லை. கேட் என்ற கட்டளையால் வரிசை மாறாமல் ஒட்டினால் பழைய ஃபைல் பைட்டுக்குப் பைட் அப்படியே வரும். ஆனால் ஒரு துண்டுகூடத் தொலையக் கூடாது. ஒவ்வொரு துண்டும் தனியாக நிற்க வேண்டும், ஒன்று தொலைந்தாலும் மற்றது பிழைக்க வேண்டும் என்றால், அளவைப் பார்க்காதே, வரியைப் பார்த்து வெட்டு. முன்னது என் நாலு பிளாப்பி. பின்னது தமிழன் பத்திரிகை.

நெசவு தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். பழைய பாவு முடிந்ததும் புதுப் பாவைப் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழை. ஒவ்வொன்றையும் அதனதன் ஜோடியோடு முறுக்க வேண்டும். இழை மாறினால் சேலை நெடுகக் கோடு விழும். பிணைக்கிறவர் அதனால்தான் பழைய பாவை எங்கே நிறுத்துவது என்று முன்கூட்டியே பார்த்து நிறுத்துவார்.

இப்போது நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். உங்களில் யாராவது ஒரு ஊர்க் கணக்கை, ஒரு வழக்கின் பதிவை வைத்திருந்தால் உதவும்.

மொத்தத்தையும் ஒரே ஃபைலாக இறக்குவதில்லை. மைஎஸ்கியூஎல்டம்ப் நிரலிடம் அட்டவணை அட்டவணையாக, ஊர் ஊராகக் கேட்கிறோம். ஒரு ஊருக்கு ஒரு ஃபைல். சாதாரணமாக அது நூற்றுக்கணக்கான பதிவை ஒரே நீள வரியில் கொட்டும். அப்படிக் கொட்டாதே, ஒரு பதிவுக்கு ஒரு வரி என்று சொல்ல ஒரு வழி இருக்கிறது. ஃபைல் கொஞ்சம் பெருக்கும், ஏற்ற நேரம் ஆகும். பரவாயில்லை. அப்போது வரி எண்ணி வெட்டலாம், எந்த மனுசரின் வாக்குமூலமும் இரண்டாகாது.

முதல் துண்டின் தலையில் சில வரிகள் இருக்கும். எழுத்து யூடிஎப்-8 என்று சொல்கிற வரி அதில் ஒன்று. வெட்டும்போது அது முதல் துண்டோடு போய்விடுகிறது. மற்ற துண்டைத் தனியாக ஏற்றினால், சர்வர் சில இடத்தில் தமிழை எல்லாம் குப்பைக் குறியாக்கிவிடும். ஏறிவிட்டது என்று நினைப்போம், திறந்தால் வரிசையாகக் குப்பைக் குறி. அதனால் அந்தத் தலைவரிகளை எல்லாத் துண்டுக்கும் ஒட்டுகிறோம். அட்டவணைகளுக்குள் உறவும் உண்டு. குடும்பத்தின் பதிவு முதலில் ஏறாமல் பிள்ளையின் பதிவை ஏற்றினால் டேட்டாபேஸ் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஆகவே ஏற்ற வேண்டிய வரிசையை எண்ணாகப் பெயரிலேயே போடுகிறோம்: எத்தனையில் எத்தனையாவது, எந்த ஊர், எந்தத் தேதி.

வெட்டின பிறகு ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகச் சுருக்குகிறோம். மொத்தமாகச் சுருக்கி வெட்டினால் என் மூன்றாவது பிளாப்பி கதைதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு முத்திரை எண் எடுக்கிறோம். எஸ்எச்ஏ-256 என்பார்கள். ஃபைலில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். துண்டின் பெயர், அதில் எத்தனை பதிவு, முத்திரை எண், மூன்றையும் ஒரு தாளில் அச்சடித்து, துண்டு வைத்திருக்கிற ஒவ்வொருவர் வீட்டிலும் ஒட்டி வைக்கிறோம்.

இன்னொன்றை மறக்கக் கூடாது. நம்மிடம் இருப்பது கடைக் கணக்கு மட்டும் இல்லை. யார் யாருக்கு எதிராகச் சொன்னார் என்பதும் அதில் இருக்கிறது. பென்டிரைவ் தப்பான கையில் விழுந்தால் சொன்னவருக்கு அடி விழும். அதனால் பெயரும் முகவரியும் உள்ள அட்டவணையைத் தனித் துண்டாக்கிப் பூட்டுப் போட்டு வைக்கிறோம். சாவி இரண்டு பேரிடம் மட்டும். வாக்குமூலத் துண்டில் பெயர் இல்லை, எண்தான். இந்த ஒரு விசயத்தில் துண்டுகள் ஒன்றையொன்று தெரிந்துகொள்ளாமல் இருப்பதே நல்லது.

கடைசியாகச் செய்வது, நான் 1999 வரைக்கும் செய்யாதது. திறந்து பார்ப்பது. வருசத்துக்கு இரண்டு முறை, காலி கம்ப்யூட்டர் ஒன்றில் எல்லாத் துண்டையும் ஏற்றி, பதிவை எண்ணிச் சரிபார்க்கிறோம். போன முறை மூன்று ஊரிலிருந்து மூன்று பிள்ளைகள் கொண்டுவந்தார்கள். ஒருத்தர் பென்டிரைவ் செத்திருந்தது. பையன் முகம் வெளுத்துவிட்டது. "பயப்படாதே தம்பி, உன் ஊர் இன்னொரு ஊர்லயும் கீது" என்றேன். ஒவ்வொரு துண்டையும் இரண்டு வீட்டில் வைத்திருக்கிறோம். அதை எடுத்து ஏற்றினோம். தாளில் எழுதின எண்ணிக்கையும் திரையில் வந்த எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தது.

எங்கள் குடிசையை இடித்துத் தொகுப்பு வீடு கட்டினபோது, இடிப்பதற்கு முன்னால் அந்தச் சுவரைப் படம் எடுத்தேன். நைனா அப்போது இல்லை. அம்மா பக்கத்தில் நின்று, "எல்லா கோடும் வந்துச்சா, எண்ணிப் பாரு" என்றது. எண்ணினேன். நூற்றுப் பன்னிரண்டுக்குப் பிறகு நைனா போட்டதும் சேர்ந்து இருந்தது. கடைசிக் கோட்டைக் குறுக்கே போடாமல் விட்டிருந்தது. அந்தப் படம் எங்கள் ஊர்த் துண்டில் முதல் பதிவாக இருக்கிறது. இரண்டு வீட்டில் இருக்கிறது. போன தடவை திறந்து பார்த்தேன், திறந்தது.

தோழர்களே, உங்கள் ஊர்க் கணக்கு யார் கையில் இருக்கிறது? உங்களிடம் ஒரு பிரதி இருந்தால், இன்றைக்கே அது திறக்கிறதா என்று பாருங்கள்.